குமிழி வரும் இடத்தைக் காட்டியவள்

"அம்மா, நான் சொன்னது தப்பா?" என்று கேட்டாள் என் மகள். எட்டு வயது.

எண்ணெய் தேடி பழவேற்காட்டு ஏரிக்கு வந்த கம்பெனி ஆள் ஒருவர் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்துவிட்டு, ஏரியில் எங்காவது குமிழி வருமா என்று கேட்டிருக்கிறார். இவள் கையைத் தூக்கினாள். "எங்க நைனா பாட்டுல வரும் சார். கோலை ஊன்னா கொப்புளிக்கும்."

நைனா என்றால் அவள் அப்பா; பாடு என்பது நாங்கள் முறை வைத்து வலை கட்டும் இடம். எங்கள் முறை வந்த அன்று அங்கே சிவப்புக் கொடி கட்டிய மூங்கில்கள் நின்றன. தள்ளிப் போகச் சொன்னார்கள். என் கணவர் நனையாத வலையோடு திரும்பினார். அடுத்த முறைக்காரருக்கும் அதே கதிதான்.

"இன்னாமே, எண்ணெய்க் கெணறு எப்போ தொறக்கறீங்க? வடை சுட எனக்கும் ரெண்டு லிட்டர் ஊத்து" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நானும் சிரித்தேன். ஆனால் ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர், "கலர் பென்சிலுக்கு ஊரையே வித்துட்டாளே" என்றபோது என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டவனை விட்டுவிட்டுச் சொன்ன பிள்ளையையா திட்டுவது? அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் முன்னால் எப்படிப் பேசுவது என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான் கல்லூரியில் ஜியாலஜி படித்தவள். எண்ணெய் சேர்வதற்கு, தண்ணீர் வெளியேற வழியில்லாத உப்பு ஏரி தோதான இடம். கனத்த உப்புநீர் அடியில் அசையாமல் கிடக்கும். காற்று அங்கே எட்டாது. செத்து விழும் பாசி மக்காமல் சேற்றில் தங்கிவிடும். மேலே மண் ஏறி ஏறி, அது ஆழத்தில் புதைந்து, யுகக்கணக்கில் வெந்து எண்ணெயும் வாயுவுமாகும். பிறகு மணற்பாறையின் துளைகள் வழியே மேலேறி, மூடிபோல் இறுகிய உப்புக்கோ களிமண்ணுக்கோ கீழே தேங்கும். எங்கள் ஏரிக்கோ முகத்துவாரம் உண்டு. பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர். காற்றடித்தால் அடிவரை கலங்கும். அதற்கும் கீழே பழங்காலத்து ஏரி ஏதாவது புதைந்திருக்கிறதா, எனக்குத் தெரியாது. ஆனால் கோலை ஊன்றினால் வரும் குமிழி அதைச் சொல்லாது. அது சேற்றில் அழுகும் செத்தையின் வாயு.

இதை அந்தக் கம்பெனி ஆளிடமே போய்க் கேட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"சேத்து வாயுதான்மா. எங்களுக்கும் தெரியும். எங்கயாவது ஆரம்பிக்கணும்ல?"

தெரிந்தேதான் ஒரு குழந்தையிடம் கேட்டிருக்கிறார்! வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். "ஊர்ல சொன்னா எவன் நம்புவான்? பொண்ண காப்பாத்த பேசறான்னுவாங்க" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

கொடிகள் இன்னும் நிற்கின்றன. டீச்சர் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். "பதில் தெரிஞ்சும் கையே தூக்க மாட்டேங்கறாம்மா" என்றார்.

தப்பில்லை என்று சொன்னால், "அப்புறம் ஏன் நைனா வலை காயுது?" என்பாள். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: அவள் மறுபடியும் கையைத் தூக்க நான் என்ன சொல்லட்டும்?