ஆற்றை முந்திக்கொண்டு கவரைப்பேட்டைக்கு

போன மாதம், ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கலைவாணி போன் செய்தாள். கல்லூரித் தோழி. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர். "மேல டேம்ல தண்ணி தொறந்துட்டாங்களாம்டி. நாளைக்கு எங்க ஊருக்கு ஆறு வருது. என் பசங்க ஆறு வர்றத பாத்ததே இல்ல. நீயும் வந்துடு" என்றாள். சனிக்கிழமை என்றால் பத்து மணிவரை தூங்குகிற ஜென்மம் நான். ஆனாலும் ஓர் ஆறு வந்து சேர்வதைப் பார்க்கக் கூப்பிட்டால் எப்படி மறுப்பது?

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆரணி ஆறு ஆந்திரா பக்கத்து மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணை, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று வளைந்து வந்து, கவரைப்பேட்டைக்குத் தெற்கே ரயில் பாலத்தைக் கடந்து, பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல்தான். ரயிலில் போகிறவர்கள் பலர் அதை விற்காத மனை என்றே நினைத்துக்கொள்வார்கள்.

காலை ஆறரைக்கு மணவாள நகர் வீட்டிலிருந்து கிளம்பி, திருவள்ளூரில் பெரியபாளையம் பேருந்தைப் பிடித்தேன். ஒரு மணி நேரம், இருபத்தைந்து ரூபாய். ஜன்னல் சீட்டு கிடைத்தது. வயல்களின் மேல் பனி இறங்கியிருந்தது. தூங்குகிறேனா பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கண் விழித்தபோது பெரியபாளையம் பாலத்தடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. பழுப்பாக, அகலமாக, அவசரமில்லாமல் போனது. அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வேப்பிலை உடுத்திய பெண்கள் சிலர் குழாயடியை விட்டுவிட்டுக் கரைக்கு வந்து தலையில் நீர் தெளித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் ஆற்றில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார்களாம். இறங்கி, அடுத்துக் கிளம்பவிருந்த கவரைப்பேட்டை பேருந்தின் கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் பாலத்துக்கு வந்தவள், எத்தனை நேரம் அங்கே நின்றேனோ தெரியாது.

"யக்கா, கவரப்பேட்ட போறேன்னு சொல்ட்டு ஆத்தயே பாத்துக்கினு நிக்கிற. வண்டி போய்க்கினே இருக்கும்" என்று கண்டக்டர் கத்தியபிறகுதான் ஓடிப்போய் ஏறினேன்.

"இந்தத் தண்ணி எப்போண்ணா அங்க வரும்?"

"நடுவுல தடுப்பண ரொம்பணும். சாய்ந்தரம் ஆயிடும். கவலப்படாத, நாமதான் ஃபர்ஸ்ட்டு."

ஆறு பின்னால் வர, நான் அதற்கு முன்னால் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பயணம் எனக்கு வாய்த்ததே இல்லை. சந்தோஷத்தில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குக் கவரைப்பேட்டை. இருபது ரூபாய் ஷேர் ஆட்டோவில் ஆற்றங்கரை. கலைவாணியின் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். கரையில் இல்லை, ஆற்றுக்குள். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மணலில் பந்து எழும்பாது என்பதால் ஏரிக் களிமண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்து மிதித்து ஒரு பிட்ச் செய்திருந்தார்கள். சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. பந்து போட்டுக்கொண்டிருந்த ஜெனிபர் என்கிற ஒல்லிப் பெண்ணின் அப்பாதான் அந்த மண்ணைக் கொண்டுவந்தவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், ஏரியில் மூட்டை கட்டி பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவாராம்.

கலைவாணி என்னைத் தனியே இழுத்தாள். "எனக்கு பயமா இருக்குடி. நாலு மாசமா சனிக்கிழமையானா இந்தக் கரையில வச்சி ஆறு ஆறுன்னு நடத்திக்கினு இருக்கேன். அது வர்ற மொத நாளே இவங்க பிட்ச்ச தூக்கிக்கினு போவப் போவுது. இதுங்களுக்கு ஆத்து மேல வெறுப்பு வந்துட்சின்னா, அப்புறம் நான் இன்னா நடத்தி இன்னா புண்ணியம்?"

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கரைமேல் ஏற்றி உட்காரவைத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். "இப்போ நீங்கதான் தண்ணி. மலையிலேர்ந்து இறங்குறீங்க. ஊத்துக்கோட்டை வந்தாச்சி. மணல் உங்கள குடிக்குது. கொஞ்சம் பேரு கிணத்துக்குள்ள போயிட்டீங்க. மீதி பேரு கடலப் பாத்து நடக்குறீங்க. பழவேற்காட்ல உப்புத்தண்ணி நிக்குது. நீங்க போய் கலந்தாதான் எறா குஞ்சு வளரும், மடவ மீனு வளரும்." நானும் கண்ணை மூடினேன். காற்று இதமாக இருந்தது. தூரத்தில் ஒரு மின்சார ரயில் பாலத்தைக் கடந்தது. நிஜமாகவே கொஞ்ச தூரம் ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

நாலு மணிக்கு முதலில் வந்தவை கொக்குகள். வளைவில் வரிசையாக நடந்து வந்தன. அவற்றின் காலடியில் மணல் மெதுவாக நிறம் மாறிக்கொண்டே வந்தது. "மிஸ், கொக்கு இன்னாத்த கொத்துது?" என்றான் ஒருவன். வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் வெளியே ஓடிவரும் பூச்சிகளை என்றாள் கலைவாணி. நுரையும் சுள்ளியும் செருப்பு ஒன்றும் உருண்டு வந்தன. ஒரு கை அகலத்துக்கு முன்னேறும், நிற்கும், மணல் உறிஞ்சும், மறுபடி முன்னேறும்.

திடீரென்று ஜெனிபர் கீழே ஓடினாள். ஸ்டம்புகள் பிட்ச்சிலேயே இருந்தன. கலைவாணி கத்தக் கத்த நானும் பின்னாலேயே ஓடினேன். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது களிமண்ணில் இறுகிக்கொண்டது. தண்ணீர் எங்கள் கணுக்காலைச் சுற்றியது. "உடு ஆண்ட்டி, அது வராது" என்று அவளே என் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கரையில் எங்கள் இருவருக்கும் நல்ல திட்டு கிடைத்தது.

பிட்ச் ஓரங்களில் கரைந்து, பிறகு நடுவிலும் கரைந்தது. ஒரு பெண் அழுதாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மீன்கொத்தி வந்து அந்த ஒற்றை ஸ்டம்பில் உட்கார்ந்தது. "அம்பயரு வந்துட்டாருடா!" என்று எவனோ சொல்ல, அழுதவளும் சிரித்துவிட்டாள். கலைவாணி என் கையைக் கிள்ளினாள். தப்பித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

ஜெனிபர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆறு எப்பவும் ஓடணும்னு நீங்க சொல்றீங்க மிஸ். எனக்கும் புட்சிதான் இருக்குது. ஆனா எப்பவும் ஓடிச்சின்னா நாங்க எங்க மிஸ் ஆடறது?"

கலைவாணி பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினாள். ஸ்டேஷன்வரை அவளும் நானும் நடந்தே போனோம். ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு, இன்னொரு பக்கம் கல் நட்ட மனைகள், நடுநடுவே முள்காடு. வழி முழுக்கப் பிள்ளைகள் ஓடி ஆட ஒரு துண்டு நிலம் கண்ணில் படவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. உயிரோடு ஓடவேண்டிய ஆற்றின் காய்ந்த மடியை விட்டால் இவர்களுக்கு வேறு இடமே கொடுக்கவில்லையே நாம்.

போக விரும்புகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் கவரைப்பேட்டையில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை சரியான காலம். அணை திறப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் கரையை விட்டு இறங்காதீர்கள். நான் இறங்கியது முட்டாள்தனம். குடிதண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் கடை எதுவும் இல்லை.

நேற்று கலைவாணி பேசினாள். தண்ணீர் இன்னும் ஓடுகிறதாம். இந்தச் சனிக்கிழமை ஆற்றங்கரை வகுப்பு இல்லை. பஞ்சாயத்து ஆபீசில் நில வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு, இருபத்திரண்டு பேரும் ஊருக்குள் ஒரு விளையாட்டு மைதானத்துக்கு இடம் தேடப் போகிறார்கள்.