கட்டிக்குள்ளே காத்து இல்லை

கம்பஸில் இரண்டாம் ஆண்டு படித்தபோது எனக்கு இருந்த வாய்க்கொழுப்பு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. லீவுக்கு டயகம தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது தும்மினால்கூட அதற்கு ஒரு விரிவுரை வைத்திருப்பேன்.

அந்த முறை அகப்பட்டவர் என் அத்தை. அவருக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் சதையை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லி, ஒப்பரேஷனுக்குத் திகதியும் கொடுத்துவிட்டார்கள். லயத்துப் பெண்களோ, ஓடையோரம் தனியாகக் கொழுந்து பறித்தபோது காத்து அடித்துவிட்டது என்றார்கள். எங்கள் பக்கம் காத்து என்றால் பேயும்தான். பூசாரி தாயத்து கட்டிவிட்டார்.

நான் விடுவேனா? அப்போதுதான் படித்திருந்த ஒரு மரபணுவைப் பற்றி எடுத்துவிட்டேன். கட்டி மளமளவென்று வளரும்போது அதன் நடுப்பகுதிக்கு ஒட்சிசன் போதாது. உடனே அந்த மரபணு விழித்துக்கொண்டு புது இரத்தக் குழாய்களை வரவழைக்கும், கட்டி இன்னும் வளரும். ஒட்சிசன் என்றால் அத்தைக்குப் புரியாதே என்று கடைசியில் எளிமையாக்கினேன்.

"அத்தே, கட்டிக்குள்ள காத்து இல்ல. அதான் விஷயமே."

அத்தையின் முகம் மலர்ந்தது. எல்லாம் என் விளக்கத்தின் அருமை என்று பூரித்துப்போனேன். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் நின்று, "கம்பஸ் புள்ளயே சொல்லிருச்சு, காத்து இல்லையாம்!" என்று வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கும் கேட்கும்படி அறிவித்தாராம். தாயத்தை அவிழ்த்தார். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். ஒப்பரேஷன் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் என் காதுக்கு வர ஒரு வாரம் ஆனது. திகதிக்கு இரண்டே நாள் இருந்தது. லயத்தில் அத்தையின் அறையான காம்பராவுக்கு ஓடினேன்.

"காத்து இல்லாததுதான் அத்தே கஷ்டமே. அது இல்லாதப்பதான் இன்னொண்ணு முழிக்குது."

"பேய் இல்லாத எடத்துல முழிக்கிற பேயா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு அத்தே. வெட்டாம விட்டா நீங்க செத்துப்போயிருவீங்க" என்று அழுதுவிட்டேன்.

அத்தை சிரிப்பை நிறுத்தினார்.

"நீ பேயச் சொல்லலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள. தெரியாத மாதிரி இருந்தா கொஞ்ச நாளு நல்லாத் தூங்கலாமேன்னு பாத்தேன். தூங்குனேன்."

பிறகு எழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மடிக்கத் தொடங்கினார்.