சுவரில் இருக்கும் வஞ்சிரம்

சிங்காநல்லூர் குளக்கரைச் சுவர் முழுக்க மீன்பிடித் தொழிலைப் போற்றும் ஓவியம். பாய்மரப் படகும் பேரலைகளும் இருக்கின்றன. கோயமுத்தூரில் கடல் எங்கே என்று வரைந்தவரை யாரும் கேட்கவில்லை போல. நடுவில் மட்டும் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்குகிறது. அதன் கீழே ஒரு அம்மாள் ஜிலேபி மீனுக்குச் செதில் உரசுகிறார். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு இது.

"ஏனுங்க, படத்தை மறைச்சுப்போட்டீங்க?" என்று கேட்கிறேன்.

"பின்ன என்னங்க? அங்க பெருசா வஞ்சிரத்தை வரைஞ்சுபோட்டுப் போயிட்டாங்க. ஒரு மாசம் வாயைக் கட்டிட்டு வர்றவங்க அதைப் பாத்துப்போட்டு அதையே கேக்கறாங்க. அது கடல் மீனுங்க, கொளத்துல எங்கீங்க கெடைக்கும்? இல்லீங்கன்னு சொன்னா வண்டியத் திருப்பிட்டுப் போயிர்றாங்க."

ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சுகிறேன். முணுமுணுத்தபடி தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்கிறார். ஆள் நீளத்துக்கு வெள்ளியாய் மின்னுகிறது வஞ்சிரம். நான் போனை எடுப்பதற்குள் பின்னால் ஒரு பைக் வந்து நிற்கிறது.

"அக்கா, வஞ்சிரம் கிலோ என்ன விலைங்க?"

தார்ப்பாய் விழுகிறது. "இல்லீங்க" என்கிறார். பைக் போய்விடுகிறது. அந்த அம்மாள் என்னையே பார்க்கிறார்.

லாட்ஜில் தங்கியிருக்கும் நான் ஒரு கிலோ ஜிலேபி மீன் வாங்கிக்கொள்கிறேன்.