ஒயின் ஷாப்பில் ஒயின் கேட்டவன்

“இனிமே பத்தியம் எதுவும் வேணாம், அவங்களுக்குப் பிடிச்சதைக் குடுங்க” என்றார் டாக்டர். எப்பேர்ப்பட்ட நல்ல செய்தி! மனைவியைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி, முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பத்தியத்தை எப்போது எடுத்துவிடுவார்கள் என்று தெரியாத வயதா எங்களுக்கு?

பிடித்ததைக் கொடுக்கலாம்தான். ஆனால் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் அவள் நாக்கு செத்துப்போயிருந்தது. எதை வைத்தாலும், “மண்ணைத் துன்ற மாதிரி கீது” என்று தட்டைத் தள்ளினாள். கிறிஸ்துமஸ் அன்றைக்காவது அவள் ருசித்து நாலு வாய் சாப்பிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

“ரசம் இருந்தா துன்னுவேன்” என்றாள். மிளகு ரசமில்லை. வேதாகமத்தில் ஒயினுக்குத் திராட்சை ரசம் என்று பெயர்; எங்கள் வீட்டில் வெறும் ரசம். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து வருடாவருடம் பன்னீர் திராட்சையைப் பிசைந்து ஊறுகாய் ஜாடியில் அவளே ஊறப்போடுவாள். அந்த வருடம் ஜாடியைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஒயின் ஷாப்புக்குப் போனேன். எங்கள் பக்கம் பிராந்திக் கடைக்கு அதுதான் பெயர். அங்கே யாரும் வாங்காத ஒரே சரக்கு ஒயின்தான் என்பது வரிசையில் நின்று கேட்ட பிறகுதான் புரிந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“ஒயின் ஷாப்ல வந்து ஒயின் கேக்குற மொத ஆளு நீதான் நைனா. யாருக்கு?” என்றார் விற்பவர்.

“வீட்டுக்காரம்மாவுக்கு. உடம்பு சரியில்ல.”

அவர் சிரிக்கவில்லை. கீழ்த்தட்டில் துழாவி ஒரு ரெட் ஒயின் பாட்டிலை எடுத்து, தூசியைத் துடைத்துக் கொடுத்தார்.

கட்டிலில் படுத்தபடியே அவள் அதிகாரம் செய்தாள். “மொளகாத்தூள் பக்கமே போவாதீங்க. காரம் பட்டா ரசம் கசக்கும். கொழுப்போட கறி வாங்கினு வாங்க. கொழுப்பு இருந்தாதான் துவர்ப்பு அடங்கும்.” ஆட்டுக்கறியை மிளகு போட்டு வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினேன். கூட ஆப்பம். அவ்வளவுதான் பண்டிகைச் சமையல்.

எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

“துவர்க்குது” என்றாள். பிறகு நம்ப முடியாமல், “ஏங்க, துவர்ப்பு தெரியுதுங்க!”

கறியை ஊட்டினேன். மென்றுவிட்டு மறுபடி ஒரு வாய் குடித்தாள். “இப்ப அடங்கிடுச்சு. கறியில உப்பு கம்மி.” கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன குறைகளில் என்னைச் சந்தோஷப்படுத்தியது அது ஒன்றுதான். ஆப்பம் முழுவதையும் சாப்பிட்டாள். “கடை ரசம் ரொம்பத் துவர்ப்பு. அடுத்த வருசம் நானே போட்டுடுறேன்” என்றாள். போடு என்றேன். பொங்கலுக்குள் போய்விட்டாள்.

அடுத்த டிசம்பரில் அந்தக் கடையைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன். அப்படியும் விற்பவர் பார்த்துவிட்டார்.

“அண்ணாத்தே! உனக்குன்னு ஒயின் எடுத்து வெச்சிகினு கீறேன். அண்ணிக்கு எடுத்துனு போ.”

அவ்வளவு ஆசையாக நீட்டுகிறவரிடம் என்னவென்று சொல்வது? காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று அதே கறியைச் சமைத்தேன். உப்பைச் சரியாகத்தான் போட்டேன். ஒரு மிடறு குடித்தேன். துவர்த்தது. கொழுப்பாகப் பார்த்து ஒரு துண்டைத் தின்றேன், இன்னொன்றையும் தின்றேன். அடங்கவில்லை.