வெள்ளைக்கொடி உத்தியோகம்

என் சித்தப்பா யுத்தத்தில் பர்மா மேல் குண்டு போட்ட விமானி. பிறகும் பறப்பதை விடவில்லை. தபால் விமானம், பயணிகள் விமானம் எல்லாம் ஓட்டி, கடைசியில் எங்கள் மன்னார்குடிப் பக்கத்து வயல்களுக்கே பூச்சிமருந்து தெளிக்க வந்தார். பி.ஏ. முடித்துச் சும்மா கிடந்த எனக்கும் அதில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. நான் வரப்பில் நின்று வெள்ளைக்கொடியைத் தூக்கினால், அந்த வயலில் மருந்து விழும்.

அன்று கூலி உயர்வு கேட்டு ஆட்கள் எங்கள் வயலுக்குள் இறங்கி நின்றார்கள். பெண்கள்தான் அதிகம்.

"கொடியைத் தூக்குடா, தானா ஓடுவாங்க" என்றார் அப்பா.

"தூக்குங்க சின்னய்யா, நாங்களும் பூச்சிதானே!" என்று ஓர் அம்மாள் கத்தினார்.

அறுபத்தேழில் புது ஆட்சி வந்த உற்சாகத்தில் கல்லூரி மேடையில் சமத்துவம் பேசிக் கோப்பை வாங்கியவன் நான். கோப்பையைத் தூக்கிய அதே கையால் கொடியையும் தூக்கினேன்.

விமானம் தாழ வந்தது. ஒரு சொட்டு மருந்துகூடத் தெளிக்காமல் திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் சித்தப்பா கேட்டார்: "ஏன்டா தூக்கினே?"

"அப்பா சொன்னாரு."

"பர்மாவுல எனக்கும் சொன்னாங்க. அவ்வளவு உயரத்துலேர்ந்து ஆள் தெரியல. உனக்குமா தெரியல?"

தெரிந்தது. அந்த அம்மாள் காதில் தோட்டுக்குப் பதிலாகச் செருகியிருந்த ஈர்க்குச்சி வரைக்கும் தெரிந்தது.