முத்திரை விழுந்த பிறகே சாவி

மாமல்லபுரத்தில் எங்கள் மாடி அறையை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஆள் வந்ததும் பாஸ்போர்ட் விவரத்தைப் படிவத்தில் எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் ஒருவர் வந்தபோது, ஸ்டேஷன் படியேறக் கூச்சப்பட்டு நான்கு நாள் கொடுக்காமலே இருந்துவிட்டேன். தம்பி கேட்டபோது, கொடுத்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

தம்பி அணுமின் நிலைய ஊழியர்களை ஏற்றிச்செல்லும் ஒப்பந்த பஸ்ஸின் டிரைவர். அந்த ஆள் அவனிடம் ஷிப்ட் நேரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் உளவுப் பிரிவினர் வந்து இருவரையும் விசாரித்தார்கள்.

"இன்னாக்கா, போலீசுக்குத் தெரியும்னு நம்பித்தானே அவன்கிட்ட பேசிக்கினு இருந்தேன்!" என்றான் தம்பி.

அவர் ஒற்றரா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. தம்பிக்கு வேலை போனது.

இப்போது படிவத்தில் ஸ்டேஷன் முத்திரை விழுந்த பிறகே சாவி தருகிறேன். தம்பி எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.