ஒன்பதாவது சத்தம்

"இன்னாண்ணே, ஜோபில இன்னா கீது?" என்று கேட்டபடியே கையை நீட்டுகிறார் ஜமுனா. லாரி ஓட்டுநர் அசட்டுச் சிரிப்போடு தீப்பெட்டியை எடுத்துக் கொடுக்கிறார். குவாரி வாசலில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் அது போகிறது. பின்னாலேயே பீடிக்கட்டு, லைட்டர், செல்போன்கள். என் போனும் போயிற்று. "பத்திரிகைக்காரங்க செல்லுன்னா வெடிமருந்து பயந்துக்கினு சும்மா இருக்குமா?"

ஜமுனாவுக்கு நாற்பத்தொரு வயது. பழவேற்காட்டுப் பக்கம் கடலோரக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். கணவர் ஏரியில் இறால் பிடிக்கிறார். ஜமுனா திருப்பாலைவனம் வழியாகப் பஸ் பிடித்து, பொன்னேரியில் மாறி, மேற்கே இந்தக் கல்குவாரிக்கு வருகிறார். தூசி பறக்காமல் இருக்க, பாறையில் துளை போடும்போது தண்ணீர் ஊற்றுகிற ஆளாகத்தான் சேர்ந்தார். இன்று சான்றிதழ் பெற்ற வெடிகாரர். "பத்தாவது பாஸ் பண்ணதுக்கே எங்க நைனா தெரு பூரா காராபூந்தி குடுத்தாரு. இந்தப் பரீட்சைக்கு இன்னா குடுக்கிறதுன்னு தெரியாம முழிச்சாரு."

பழைய துளையின் வாயிலேயே டிரில்லை வைத்தால் அது வழுக்காது, வேலை சுலபம். ஆனால் உள்ளே வெடிக்காத மருந்து கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் ஆள் மிஞ்சமாட்டார். அதனால் கண்ணில் படும் பழைய துளைகளில் எல்லாம் மரமுளை அடித்து வைத்திருக்கிறார் ஜமுனா. மருந்தை உள்ளே தள்ள மரக்கோல்தான்; இரும்பு உரசினால் பொறி பறக்கும். யாரோ இரும்புக் கம்பியை எடுத்ததற்கு, அந்தக் கம்பியைப் பிடுங்கிக் குட்டையில் வீசியிருக்கிறார். திரியைக் கொளுத்தியபின் அவர் ஓடி நான் பார்க்கவில்லை. நடந்துதான் வருகிறார். "ஓடினா தடுக்கி வுழுவோம். நடந்தா பூட்லாம். அந்த அளவுக்குத்தான் திரி வெட்டுவேன்."

ஊர்த் திருவிழாவில் இவரோடு நிற்க வீட்டுக்காரருக்கு வெட்கம். சரவெடி ஓய்ந்ததும் ஜமுனா குடத்தோடு போய், வெடிக்காமல் சிதறிக் கிடப்பவற்றின்மேல் தண்ணீர் தெளிப்பாராம். சாமி ஊர்வலம் அதுவரை காத்திருக்கும்.

நான் போனது ஐப்பசி மாதம். குப்பத்தைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. கரையில் கொட்ட இந்தக் குவாரியிலிருந்துதான் பாறைகள் போகின்றன. பதினோரு லாரிகள் வரிசையில் நின்றன. முதல் லாரியிலேயே வந்திருந்தார் நீலமேகம். ஜமுனாவின் கணவருக்கு அண்ணன். கடலைப் பார்த்த முதல் வரிசையில் அவர் வீடு.

லாரியில் ஏற்ற முடியாத அளவு பெரிய ஒன்பது பாறைகளில் துளை போட்டு மருந்து வைத்திருந்தார் ஜமுனா. சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத் திரிகளை ஒன்றைவிட ஒன்று நீளமாக வெட்டியிருந்தார். சங்கு ஊதினார்கள். எல்லோரும் தகரக் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கினோம். ஜமுனா திரிகளைக் கொளுத்திவிட்டு நடந்து வந்து, கண்ணை மூடி, சத்தத்துக்கு ஒன்றாக விரல் மடக்கினார். எட்டு விரல்கள் மடங்கின. அதன்பிறகு மலை அமைதியாக இருந்தது.

"ரெண்டு சேர்ந்து வெடிச்சிருக்கும்மா," என்றார் மேலாளர். "மிஷினை அனுப்பு."

"எட்டுதான் சார் கேட்டுச்சு. அரை மணி நேரம் யாரும் போக்கூடாது."

பொக்லைன் ஓட்டுநர் தேவேந்திரன் அதற்குள் இயந்திரத்தின் படியில் கால் வைத்துவிட்டார். "ஊருக்குக் கல்லு போவணும்னு நீதானே காலைலருந்து பேஜார் பண்ண?"

ஜமுனா போய் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டார். "எறங்குண்ணே."

"எழுதிக் குடுக்கிறியா, உன்னாலதான் லேட்டுன்னு?" மேலாளரின் குரல் உயர்ந்தது.

"குடுங்க சார் பேப்பரு. என் பேரு, என் லைசென்ஸ் நம்பரு, டைமு எல்லாம் எழுதறேன்."

நீலமேகம் அருகே வந்தார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "சமையல்கட்டு நேத்தே பூட்ச்சி ஜமுனா. இன்னிக்கு அலை தூக்கினா கூடமும் பூடும். உனுக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா." அவருடைய கண் கலங்கியது. ஆனால் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "ஊடு பூட்ச்சின்னா கட்டிக்கலாம். இந்தாளு பூட்டான்னா அவன் பொண்டாட்டிகிட்ட நான் இன்னா எடுத்துக்கினு போவேன்?"

தேவேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள். மேலாளர் நிஜமாகவே பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். ஜமுனா அதைத் தொடைமேல் வைத்து நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இருபத்திரண்டாவது நிமிடம் ஒன்பதாவது சத்தம் கேட்டது.

தகரக் கூரைமேல் சிறு கற்கள் பொழிந்தன. தூசி அடங்கியபோது பார்த்தோம். முன்பே உடைந்த பாறைகளுக்குப் போகும் தடத்தில், பொக்லைன் போய் நின்றிருக்க வேண்டிய இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு கல் கிடந்தது. மேலாளர் அந்தப் பேப்பரை இரண்டாக மடித்தார், பிறகு நான்காக மடித்தார். நீலமேகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் முன்னால் நகர்ந்தார்கள். ஜமுனா கையைக் காட்டி நிறுத்தினார். இன்னும் அரை மணி நேரம் எங்களை நிற்க வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனார். ஒன்பது இடங்களிலும் குனிந்து, கல்லைப் புரட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, "இப்ப போலாம்," என்றார்.

தேவேந்திரன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். வாரைப் பூட்டாமலேயே இயந்திரத்தை நோக்கித் திரும்பினார். ஜமுனா பக்கத்தில் போய், அவர் மோவாயைச் சற்றே நிமிர்த்தி, வாரை இழுத்துக் 'கிளிக்'கென்று பூட்டிவிட்டு, முதல் லாரியைப் பார்த்துக் கையசைத்தார்.